காதுக்குக் கரை தெரியாது

(மதுரை சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை. சமூக அறிவியல் ஆசிரியர் பெஞ்சில் அமர்கிறார். கடைக்காரர் கல்லாவில் சில்லறை எண்ணுகிறார்.)

கடைக்காரர்: வாருங்கள் சார். பாட்காஸ்ட் என்று எதையோ காதில் மாட்டிக்கொண்டு, நான்கு நாளாக என் மகன் வீட்டில் யாருக்கும் முகம் கொடுப்பதில்லை. நேற்று வாயைத் திறந்தவன், "நீங்கள் சொல்வது தகவலா, அபிப்பிராயமா?" என்று என்னையே கேட்கிறான்.

ஆசிரியர்: அது நான் கொடுத்த வீட்டுப்பாடம் அண்ணே. கட்சி அபிமானம் கண்ணை எப்படி மறைக்கிறது என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும். தொலைக்காட்சி விவாதத்தைப் போட்டால், பேசுகிறவர் தொண்டையைச் செருமுவதற்குள் வேட்டியின் கரையைப் பார்த்துவிட்டுப் பாதி வகுப்பு கைதட்டுகிறது, மீதி வகுப்பு உச்சுக் கொட்டுகிறது. வெறும் ஒலியென்றால் கரை தெரியாது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எது தகவல், எது புகழ்ச்சி, எது வசை என்று நோட்டில் பிரித்து எழுதலாம்.

கடைக்காரர்: காதுக்கா தெரியாது? 'உடன்பிறப்பே' என்றால் ஒரு கட்சி, 'ரத்தத்தின் ரத்தமே' என்றால் இன்னொரு கட்சி, 'தோழர்களே' என்றால் பின்னாலேயே உண்டியல் வரும். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் பேச்சை நிறுத்திக்கொண்ட என் அப்பாவும் சித்தப்பாவும், என் கல்யாணப் பந்தியில்கூட எதிரெதிர் வரிசையில்தான் உட்கார்ந்தார்கள்.

ஆசிரியர்: அதனால்தான் அந்த விளியை வெட்டிவிட்டுப் போடுகிறேன். மாணவன் ஒருவன் தயாரித்ததைக் கேளுங்கள்.

(கைபேசியில் ஒரு குரல்: "பால் விலையை ஏற்றியது பகல்கொள்ளை!" உடனே அதே குரல்: "ஏற்றாமல் என்ன செய்வது? மாடு வைத்திருப்பவன் பிழைக்க வேண்டாமா?")

கடைக்காரர்: நரம்பில்லாத நாக்கு! சந்தேகமே வேண்டாம், இவன் அந்தக் கட்சிக்காரன்தான். குரலிலேயே கபடம் தெரிகிறது.

(குரல்: "மாஸ்டர், அந்தப் பெஞ்சுக்கு மூன்று டீ, ஒன்றில் சர்க்கரை தூக்கலாக!" சில்லறை எண்ணிய கை நிற்கிறது.)

கடைக்காரர்: சார், இது... நம் பெஞ்சா?

ஆசிரியர்: முதலாவது, அவர்கள் விலையை ஏற்றியபோது நீங்கள் சொன்னது; இரண்டாவது, உங்கள் கட்சி ஏற்றியபோது சொன்னது. அடையாளம் தெரியாமல் போனதில் தவறில்லை அண்ணே. பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் காதுக்கு வந்துவிடுகிறது. பதிவில் அந்த வழி கிடையாது என்பதால், அவரவர் குரல் அவரவருக்கே அந்நியமாகத்தான் கேட்கும்.

கடைக்காரர்: பயலுக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர்: பத்துக்கு ஒன்பது. மாற்றுத் தரப்பையும் பேசவைத்திருந்தால் முழுதாகப் போட்டிருப்பேன்.

கடைக்காரர்: இது அநியாயம் சார்! இரண்டு தரப்பையும் நான் ஒருவனே பேசியிருக்கிறேனே!