பொன்னாடை போதும், ஒரு ஆர்மோனியம் குடுங்க

நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு எனக்குப் போட்ட பொன்னாடை மொத்தம் 17. வீட்டுக்கு வந்து கட்டில்ல பரப்பி எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு கூட போட்டுக்கிட்டு வெளிய போற மாதிரி இல்ல, ஜரிகை கழுத்துல குத்துது, தண்ணில நனைச்சா சாயம் போகுது, வேற யாருக்காவது போட்டு விடலாம்னா அவங்க வீட்டு பீரோலயும் இதே சரக்குதான். கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ல 31 வருஷம், கையில மிஞ்சினது இந்த மூட்டையும் ஒரு வெள்ளி குத்துவிளக்கும்.

பத்து நாள் கழிச்சு ஒரு புக் பார்க்கணும்னு லைப்ரரிக்குப் போனேன். (எந்த யுனிவர்சிட்டின்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சவங்க கமெண்ட்லயும் சொல்லிடாதீங்க.) வாசல்ல இருந்த செக்யூரிட்டி தம்பி புதுசு, யாரைப் பார்க்கணும்னு கேட்டான். உள்ள இருந்த பொண்ணு என்னைத் தெரிஞ்சவதான், அவ சங்கடப்பட்டுக்கிட்டே "மேடம், நீங்கதான் நோ டியூஸ் வாங்கிட்டீங்களே, கார்டு கேன்சல் ஆயிருச்சு"ன்னா. ஆமா, பென்ஷன் பேப்பர் நகரணும்னா ஒரு ஒரு செக்‌ஷனா ஏறி இறங்கி, பாக்கி எதுவும் இல்லேன்னு நோ டியூஸ் கையெழுத்து வாங்கணும், நானே அலைஞ்சு வாங்கினதுதான். என்னை நானே கேன்சல் பண்ணிக்க 9 கையெழுத்து வாங்கியிருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுச்சு.

சரி, ரிட்டயர் ஆன பேராசிரியர்களுக்குன்னு நம்ம ஊர்ல என்ன இருக்குன்னு பார்த்தா, சங்கம் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, சங்கம் வேணும், டிஏ அரியருக்கும் மெடிக்கல் பில்லுக்கும் அவங்க அலையலேன்னா நம்ம கதி அதோகதி. ஆனா கூட்டம்னு போனா இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை, 80 முடிச்சவங்களுக்குப் பொன்னாடை (80 முடிஞ்சா பென்ஷன் 20 சதவீதம் கூடும், அதனால அந்த ஒரு பொன்னாடைக்கு மட்டும் கைதட்டல் நிஜமா இருக்கும்), நன்றியுரை, அப்புறம் சாம்பார் சாதம் தயிர் சாதம். வருஷத்துக்கு ஒரு டூர், நவக்கிரகக் கோயிலோ காசியோ. மிச்சத்துக்கு வாட்ஸப் குரூப், காலைல அஞ்சு மணிக்கே தாமரைப் பூவோட குட் மார்னிங். இதுக்குத்தான் சோஷியல் ஆக்டிவிட்டின்னு பேரு.

ஆர்ட்னு ஒரு பேச்சே கிடையாது. யாராவது எடுத்தா "பாட்டுக் கச்சேரி ஏற்பாடு பண்ணலாமே"ம்பாங்க. அதாவது யாரோ பாடுவாங்க, நாம முன் வரிசைல உக்காந்து கேட்போம், முடிஞ்சதும் பாடினவங்களுக்கு... ஆமா, பொன்னாடை.

மகளோட பிரசவத்துக்காக ஆறு மாசம் நியூ ஹேவன்ல இருந்தேன், யேல் யுனிவர்சிட்டி இருக்கற ஊர். அங்க ரிட்டயர் ஆன பேராசிரியர்களுக்குன்னே கோர்னர் சென்டர்னு ஒண்ணு 2003ல இருந்து இருக்கு. எனக்குப் பிடிச்ச விஷயம் அந்தப் பேரு. வைஸ் சான்சலர் பேரோ மந்திரி பேரோ இல்ல, ஹென்றி கோர்னர்னு ஒரு ஓவியர், வியன்னாலேருந்து தப்பி வந்த யூதர், அப்பா அம்மாவை நாஜிகளுக்குப் பறி கொடுத்தவர், அவர் பேரு. அவர் வரைஞ்ச படங்கள்தான் சுவத்துல. அங்க ஒரு ஒருத்தரா தான் வந்த வழியைப் பேசற ஒரு சொற்பொழிவு வரிசையும் இருக்கு. அதைக் கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, கடைசில அங்கயும் பேச்சுதானா. வாத்தியார் எந்த நாட்ல இருந்தாலும் வாத்தியார்தான்.

என்னோட பாயிண்டே இதுதாங்க. ரிட்டயர் ஆன பேராசிரியருக்குத் தனிமைதான் பிரச்சனைன்னு எல்லாரும் சொல்றாங்க, அது இருக்கு, இல்லேங்கல. ஆனா அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு, நமக்குப் பேச மட்டும்தான் தெரியும். 30 வருஷமா எதிர்ல 60 பேர் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அட்டெண்டன்ஸ் நம்ம கையில, இண்டர்னல் மார்க் நம்ம கையில, அதனால உக்காந்திருந்தாங்க, நாம என்னமோ நம்ம பேச்சுல மயங்கி உக்காந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டோம். இப்ப அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் இல்ல. வீட்டுக்காரர் எழுந்து போயிடறாரு, மருமகள் ஹெட்போன் மாட்டிக்கறா, பேரன் டேப்ல மூழ்கிட்டான். அதனால நம்மளை மேடை ஏத்தறது எனக்கு மருந்தாத் தெரியல, அது நோயை வளர்க்கறது. நம்மளை மறுபடி ஸ்டூடண்ட் ஆக்கணும், அதுவும் சுத்தமா ஒண்ணுமே தெரியாத ஒரு விஷயத்துல, கடைசி பெஞ்ச்ல.

இதை நான் ஊருக்கு உபதேசமா சொல்லல, என் கதையே அதுதான். நாங்க 11 பேர் (மூணு பேர் லேடீஸ்) சங்கத்துக்கு வெளிய தனியா ஒண்ணு ஆரம்பிச்சோம், பேரு கூட வைக்கல, பேரு வச்சா தலைவர் செயலாளர்னு வந்துரும்னு பயம். முதல் ட்ரிப் சித்தன்னவாசல், புதுக்கோட்டைப் பக்கம் இருக்கற பழைய குகைக்கோயில். மதுரைலேருந்து வேன் பிடிச்சு காலைலயே கிளம்பிட்டோம். ஓவியம் பார்க்கத்தான் போனோம், போற வழியெல்லாம் நானே எல்லாருக்கும் சொன்னேன், யாரும் லெக்சர் அடிக்கக் கூடாதுன்னு. உள்ள போனதும் என்ன ஆச்சுன்னு தெரியல, சுண்ணாம்புப் பூச்சு, அது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்து கார்பனேட்டா மாறறது, 1930கள்ல மெட்ராஸ் மியூசியம் கெமிஸ்ட் பரமசிவன் இந்தப் பூச்சையும் நிறத்தையும் ஆராய்ச்சி பண்ணது, தஞ்சாவூர் பெரிய கோயில் ஓவியத்தையும் அவர் ஆராய்ஞ்சதுன்னு அப்படியே அருவி மாதிரி கொட்டிட்டேன். எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. காவலர் டைம் ஆச்சுன்னு கிளப்பி விட்டப்பத்தான் தெரியுது, தலைக்கு மேல விதானத்துல அந்தத் தாமரைக் குளம், மீனும் யானையும் பூப்பறிக்கிற ஆளும், ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கல. நானும்தான். திரும்பி வர்றப்ப வேன்ல யாரும் என்கிட்ட பேசல.

அதுக்கப்புறம் எங்க டிபார்ட்மெண்ட்ல லேப் அட்டெண்டரா இருந்த அண்ணனைக் கடைத்தெருவுல வச்சுப் பார்த்தேன். எனக்கு நாலு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆனவர். அவரைப் பத்தி எங்க எல்லாருக்கும் ஒரே ஒரு கம்ப்ளைண்ட், ஏப்ரல்ல பிராக்டிகல் எக்ஸாம் வந்தா மனுஷன் ஸ்டூல்ல உக்காந்தே தூங்குவாரு. ப்யூரெட் கழுவச் சொன்னா குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னபடியே கண்ணு சொருகும். நானே ரெண்டு தடவை ஹெச்ஓடிகிட்ட சொல்லிக் குடுத்திருக்கேன், மெமோ வாங்கினார். குடிக்கறாருன்னு கூட ஒருத்தர் சொன்னாங்க, நாங்களும் நம்பினோம். இப்ப டீக்கடைல வச்சுப் பேசறப்ப சொல்றாரு, "அதெல்லாம் பங்குனி சித்திரை மேடம், நாடக சீசன்ல. ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியத் தொட்டா விடியக்காலம்தான் எந்திரிப்பேன், அப்படியே பஸ்ஸப் புடிச்சு லேபுக்கு வந்துருவேன்." ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சிருக்காரு மனுஷன், 20 வருஷத்துக்கும் மேல. ஒரே லேப்ல இருந்திருக்கோம், எனக்குத் தெரியாது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், ஸ்பெஷல் நாடகம்னா மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஊர்த் திருவிழால விடிய விடிய நடக்கறது, நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் மரபு. ராஜபார்ட் ஒரு ஊர்லேருந்து, ஸ்திரீபார்ட் ஒரு ஊர்லேருந்து, பபூன் வேற ஊர்லேருந்து, அவங்கவங்களைத் தனித்தனியா புக் பண்ணுவாங்க, அன்னைக்கு ராத்திரிதான் மேடைல சந்திப்பாங்க, ரிகர்சல்ங்கறதே கிடையாது, கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அதுல வள்ளி திருமணம்தான் ரொம்பப் பிரபலம், வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கற தர்க்கத்துக்குன்னே தூங்காம உக்காந்திருப்பாங்க ஜனங்க.

தர்க்கம்னதும் எனக்குப் பொறி தட்டுச்சு, எங்க 11 பேருக்கும் இதை விட்டா வேற எது பொருந்தும். அண்ணனைக் கூப்பிட்டேன். அதுலயும் ஒரு சண்டை, "நான்-டீச்சிங் ஸ்டாஃபை உள்ள விட்டா அப்புறம் எல்லாரும் வருவாங்களே"ன்னு ஒரு சார். வந்தா என்ன சார்னு கேட்டேன், பதில் இல்ல, மூணு வாரம் வரல, நாலாவது வாரம் வந்து சத்தமில்லாம ஓரமா உக்காந்துட்டாரு. இப்ப அவர்தான் பபூன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடிதான் கிளாஸ். அண்ணன் தரைல சப்பணம் போட்டு பெட்டியை முன்னால வச்சுப்பாரு, நாங்க பிளாஸ்டிக் சேர்ல, எங்க முட்டிக்கு அதுதான் தாங்கும். நான் வள்ளி. 62 வயசுல தினைப்புனம் காக்கறேன், சிரிக்காதீங்க. ஆலோலம், அதாவது வள்ளி கிளி விரட்டற பாட்டு, பாடறப்ப என் குரல் அவர் பிடிக்கற கட்டைக்கு ஏறவே மாட்டேங்குது, அவர் ஒரு கட்டை இறக்கறாரு, அப்பவும் ஏறல, இன்னும் இறக்கறாரு, அப்புறம் மெதுவா சொல்றாரு, "மேடம், இதுக்கும் கீழ எறக்குனா கிளி பறக்காது, பக்கத்துல வந்து உக்காந்துக்கிரும்." 31 வருஷத்துல என்கிட்ட யாரும் இப்படிப் பேசினதில்ல. மேடம்னு கூப்பிடறதை மட்டும் விட மாட்டேங்கறாரு, எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நான் அந்தக் காலத்துலயே அண்ணேன்னுதான் கூப்பிடுவேன், அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் மெமோவும் வாங்கிக் குடுத்திருக்கேன். அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசல.

முருகன் வேஷம் ஸ்டாடிஸ்டிக்ஸ் சாருக்கு. கதைல முருகன் கிழவனா மாறி வர்ற எடம் இருக்கு, எங்களுக்கு அதுக்கு மேக்கப் செலவு மிச்சம், குமரனா மாறத்தான் செலவு. சார் தர்க்கத்துக்கு நாலு பக்கம் பாயிண்ட் எழுதிக்கிட்டு வந்துட்டாரு, நம்பர் போட்டு, ரெட் இங்க்ல அண்டர்லைன் பண்ணி. நான் ஒண்ணு கேட்டேன், அவர் ரெண்டாம் நம்பரைப் படிச்சாரு. நான் வேற ஒண்ணு கேட்டேன், மூணாம் நம்பரைப் படிச்சாரு. அண்ணன் பெட்டியை நிறுத்திட்டாரு. "சார், அந்தத் தாள மடிச்சுப் பையில வைங்க. அந்தம்மா என்ன கேட்டாங்க?" சார் முழிக்கிறாரு. நிஜமாவே தெரியல அவருக்கு. மாடில கொஞ்ச நேரம் ஒரே அமைதி, கீழ ரோட்ல மாவு அரைக்கற மெஷின் சத்தம் மட்டும் கேட்குது. "மறுக்கா கேளுங்க மேடம்"னாரு அண்ணன். கேட்டேன். சார் என் மூஞ்சியைப் பார்த்து, எச்சில் முழுங்கி, ஒரு வரி பதில் சொன்னாரு, ஒண்ணும் பிரமாதமான பதில் இல்ல, ஆனா நான் கேட்டதுக்குப் பதில்.

இப்படி யோசிச்சவங்க வேற ஊர்லயும் உண்டு. 1973ல பிரான்ஸ்ல துலூஸ் யுனிவர்சிட்டில வயசானவங்களுக்குன்னு மூன்றாம் வயசுப் பல்கலைக்கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல பாடம் எடுத்தது யுனிவர்சிட்டி. 80களோட தொடக்கத்துல அது இங்கிலாந்துக்கு வந்தப்ப கேம்பிரிட்ஜ்ல பீட்டர் லாஸ்லெட்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து அதைத் தலைகீழாத் திருப்பிட்டாங்க. வாத்தியார்னு தனியா யாரும் இல்ல, கத்துக்குடுக்கறவங்க கத்துக்கவும் செய்யணும், கத்துக்கறவங்க கத்துக்குடுக்கவும் செய்யணும். பரிட்சை இல்ல, பட்டம் இல்ல, சம்பளமும் இல்ல. எனக்கு இந்த இங்கிலாந்து மாடல்தான் சரின்னு படுது, நம்ம ஊருக்கு ஒரே ஒரு கண்டிஷன் சேர்க்கணும், யாரும் தன்னோட சொந்த சப்ஜெக்டை எடுக்கக் கூடாது. முதல்ல என்னைத்தான் தடுக்கணும்.

இதெல்லாம் உடம்புக்கு நல்லதான்னு கேட்கறவங்களுக்கு, 2019ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்துச்சு. இங்கிலாந்துல 50 வயசுக்கு மேல 6,710 பேரை 14 வருஷம் பின்தொடர்ந்திருக்காங்க, சில மாசத்துக்கு ஒரு தடவையாவது மியூசியம், நாடகம், கச்சேரின்னு போனவங்களுக்கு அந்தக் காலத்துல இறந்து போற ரிஸ்க் 31 சதவீதம் கம்மி. என் உள்ள இருக்கற கெமிஸ்ட்ரிக்காரி உடனே கேட்பா, உடம்பு நல்லா இருக்கறவன்தானே எந்திரிச்சு மியூசியம் போவான்? அதையெல்லாம், காசு பணம் வியாதி எல்லாத்தையும், கழிச்சுப் பார்த்துட்டும் வித்தியாசம் நிக்குதுன்றாங்க, இருந்தாலும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ற ஆராய்ச்சி இல்ல அது. விடுங்க. நான் ஆயுசுக்காக ஆலோலம் பாடல, சனிக்கிழமை வர்றதுக்காக வெள்ளிக்கிழமையே காத்துக்கிட்டு இருக்கேன், அது எனக்குப் போதும்.

லேடீஸ் விஷயம் ஒண்ணு சொல்லாம முடிக்க முடியாது. எங்க குரூப்ல மூணு பேர்தான் லேடீஸ்னு சொன்னேன்ல, கூட ரிட்டயர் ஆன மத்தவங்க எங்கன்னு கேளுங்க. ஒருத்தி டல்லாஸ்ல பேத்தியைப் பார்த்துக்கறா, ஒருத்தி பெங்களூருல. இன்னொருத்தி இங்கயேதான் இருக்கா, ஆனா 90 வயசு மாமியார். ஆம்பளைங்க ரிட்டயர் ஆனா வாக்கிங் போறாங்க, நாங்க ரிட்டயர் ஆனா "இனிமே வீட்லதானே இருக்கப் போற"ன்னு ஃபுல் டைம் டியூட்டி. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மாடில பாட்டு கத்துக்கப் போறேன்னு சொல்ல ஒரு ரிட்டயர்ட் ப்ரொஃபசரம்மாவுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்ங்கறது எனக்குத் தெரியும், நானே முதல் மாசம் கோயிலுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனேன், என் வீட்டு மாடிக்கே.

யுனிவர்சிட்டிகிட்ட நான் கேட்கறது பெருசா ஒண்ணும் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எத்தனை கிளாஸ் ரூம் பூட்டித்தான் கிடக்கு, அதுல ஒண்ணு. லைப்ரரி கார்டு, கேன்சல் பண்ணாம. பஸ் ஏறி வர்றவங்களுக்கு ஒரு நல்ல டாய்லெட், இதைச் சொன்னா சிரிக்கறாங்க, 60 தாண்டினவங்க சிரிக்க மாட்டாங்க. பிரிவு உபசார விழால பொன்னாடைக்கு ஆகற காசை ஒரு வருஷம் சேர்த்து வச்சா ஒரு ஆர்மோனியம் வாங்கிரலாம்.

என் 17 பொன்னாடைக்கு இப்ப வேலை வந்துருச்சு. பச்சையா இருந்த நாலைத் தச்சு தினைப்புனத் திரை, ஆரஞ்சுல நாரதருக்கு மேல்துண்டு, மெரூன்ல வேலனுக்குக் கச்சை. ஜரிகை லைட் பட்டா நல்லாத்தான் மின்னுது. பபூன் சார் மட்டும் எனக்குப் பொன்னாடை வேணாம், லுங்கி போதும்னுட்டாரு.

மதுரைல இருக்கற ரிட்டயர் ஆனவங்க, டீச்சிங், நான்-டீச்சிங் எல்லாரும், வரலாம். மிருதங்கம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, இப்போதைக்கு ஹிஸ்டரி சார் பிளாஸ்டிக் சேரைத் தட்டிக்கிட்டு இருக்காரு. டீ டம்ளர் அவங்கவங்க கொண்டு வரணும்.