1909இல் ஸ்வீடன் எப்படி இருந்தது தெரியுமா?

ஸ்வீடன்காரர்கள் பிறவியிலேயே அமைதியானவர்கள், சமத்துவம் அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1909ஆம் ஆண்டுச் செய்திகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

தொழில் மந்தம், கூலிக் குறைப்பு, முதலாளிகளின் கதவடைப்பு எல்லாம் சேர்ந்து அந்த ஆகஸ்ட் 4ஆம் தேதி பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. சுமார் 55 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. சில நாளில் அச்சுத் தொழிலாளர்களும் இறங்கிவிட, பெரும்பாலான செய்தித்தாள்களே நின்றுபோயின. அந்த இடைவெளியில் தொழிற்சங்கம் தனக்கென்று ஒரு தாள் கொண்டுவந்தது. பெயர் ‘ஸ்வாரெட்’, அதாவது ‘பதில்’. (பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்!) கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பிலிருந்து பாதிப் பேர் வரை கழன்றுகொண்டார்கள்.

கப்பலேறிப் போனவர்களின் கதை தனி. 1850க்கும் 1930க்கும் இடையில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. இப்படியே போனால் ஊரில் ஆளே இருக்காது என்று பயந்த அரசு 1907இல் ஒரு விசாரணையைத் தொடங்கியது. ‘ஏன் போனீர்கள்?’ என்று போனவர்களிடமே கேட்டு, வந்த கடிதங்களைத் தொகுதியாக அச்சிட்டது. வறுமை, பண்ணை வேலையின் பாடு, மேல்தட்டு ஆட்களின் திமிர் எல்லாம் அதில் இருக்கின்றன. தன்னைத் திட்டி வந்த கடிதங்களைத் தன் செலவிலேயே அச்சிட்ட அந்த அரசைக் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும்.

சரி, அதே 1909 டிசம்பருக்கு வருவோம். செல்மா லாகர்லோவ், இலக்கிய நோபல் பெற்ற முதல் பெண். விருந்தில் அவர் பேசிய பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரயிலில் ஸ்டாக்ஹோம் வரும் வழியில், இறந்துபோன அப்பாவைப் போய்ப் பார்ப்பதாகக் கற்பனை செய்கிறார். அப்பா சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ‘அப்பா, பெரிய கடனில் மாட்டிக்கொண்டேன்’ என்கிறார் மகள். பணக்கடன் இல்லை. கதை சொன்ன கிழவிகளுக்கு, வாசகர்களுக்கு, பரிசு கொடுத்தவர்களுக்கு எல்லாம் பட்ட கடன். அப்பாவுக்கும் அதைத் தீர்க்க வழி தெரியவில்லை. மகளுக்குப் பரிசு கிடைத்த சந்தோஷமே அவருக்குப் போதும்.

அப்பா இறந்தபின் கைவிட்டுப்போன மோர்பாக்கா வீட்டை செல்மா ஏற்கெனவே மீட்டிருந்தார். பரிசுப் பணம் வந்ததும் சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கினார்.

அதே ஆண்டில்தான் ஆண்களுக்குப் பரவலான வாக்குரிமை தரும் சீர்திருத்தமும் நிறைவேறியது. பெண்களுக்கு இல்லை. செல்மா 1911இல் ஸ்டாக்ஹோமில் நடந்த பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் பேசிப் பார்த்தார். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1921 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 62.