பெரியப்பா பென்னும் அபிமன்யுவும்

போன சனிக்கிழமை மட்டக்களப்பு, கல்லடியில் அக்கா வீட்டில் மருமகனோடு ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்தேன். பெயர் வேண்டாம், எடுத்தவர்களுக்கே மறந்திருக்கும். நகரம் இடிகிறது, வானத்தில் ஓட்டை விழுகிறது, அதற்குள்ளிருந்து என்னவோ இறங்குகிறது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, பன்னிரண்டு வயதுப் பொடியன் செற்றியில் வாயைத் திறந்தபடி நித்திரை.

இதே பொடியன்தான் இரண்டு மாதத்துக்கு முன் என்னோடு வலையிறவுப் பாலம் தாண்டிக் கன்னன்குடாப் பக்கம் வடமோடிக் கூத்துப் பார்க்க வந்து, இரவு மூன்று மணி வரைக்கும் களரி ஓரத்தில் கண் மூடாமல் குந்தியிருந்தான். பாரதக் கதை. அபிமன்யு வியூகத்துக்குள் போவான், வெளியே வரமாட்டான் என்பது கச்சான் விற்ற ஆச்சி உட்பட அங்கே எல்லோருக்கும் தெரியும். மருமகனுக்கும் தெரியும். "அவன் எப்ப மாமா வருவான்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

யோசித்துப் பார்த்தால் சூப்பர் ஹீரோ படமும் கூத்து மாதிரித்தான். ஸ்பைடர்மேன் 1962இல் காமிக்ஸில் பிறந்தவன். 2002இல் டோபி மக்வயர் நடித்த படத்தில் அவனுடைய பெரியப்பா பென் சுடப்பட்டுச் செத்தார். 2012இல் அன்ட்ரூ கார்பீல்ட் நடித்தபோது அதே மனிதர் மறுபடியும் செத்தார். பாவம், அவருக்கு வேறு வேலை இல்லை. அவர் சாவார் என்று தெரிந்துதான் டிக்கெட் எடுக்கிறோம். கதை பழசாக இருக்கும்போது நம்மை இருத்திவைக்கிறவர் அதை ஆட்டுவிக்கிற அண்ணாவியார்தான். அவருக்குக் கற்பனை வறண்டுபோனால் எத்தனை கோடி டொலர் கொட்டினாலும் மருமகன் நித்திரைதான்.

கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்குள் வரும் வரவாட்டத்திலேயே வருவது யார், எப்படிப்பட்ட ஆள் என்று பிடிபட்டுவிடும். மத்தளமும் காலும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். இந்த வித்தையை நான் 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வேர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தில் கண்டேன். மைல்ஸ் என்ற பையனுக்கு இப்போதுதான் சிலந்திச் சக்தி கிடைத்திருக்கிறது. அனுபவசாலியான ஸ்பைடர்மேன் பீட்டரோடு சேர்ந்து காட்டுக்குள் வலை வீசித் தாவுகிறான். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடும். அந்தக் காட்சியில் பீட்டருக்கு ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு புதிய நிலை. மைல்ஸுக்கோ நொடிக்கு 12தான், ஒவ்வொரு நிலையும் இரண்டு சட்டகம் அப்படியே நிற்கும். அதனால் ஒருவர் வழுக்கிக்கொண்டு போக, மற்றவன் தட்டித் தடவிப் போகிறான். நமக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் இவனுக்கு இன்னும் கைவரவில்லை என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது. கூத்துப் பழக வந்த முதல் கிழமைப் பொடியனுக்குத் தாளம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகுமே, அதேதான். நிலைகளைப் பாதியாக்க என்ன செலவு? யாரோ ஒருவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது.

பக்கத்துக் கேரளத்திலிருந்து இன்னொன்று. 2021இல் பசில் ஜோசப் எடுத்த 'மின்னல் முரளி'. ஹீரோ ஊர்த் தையற்காரன். வில்லன் ஷிபு தேத்தண்ணிக் கடையில் வேலை செய்கிற, ஊரே விசரன் என்று ஒதுக்கிய மனிதன். இரண்டு பேருக்கும் ஒரே மின்னல். ஷிபு பல வருடமாய்க் காத்திருந்த பெண் கடைசியில் அவனை ஏற்றுக்கொள்கிறபோது சிரிப்பும் அழுகையும் ஒரே முகத்தில் வரும். அந்த முகத்துக்குக் கிராபிக்ஸ் தேவைப்படவில்லை. நடித்த குரு சோமசுந்தரம் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் பல வருடம் பழகியவர் என்று பிறகு அறிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

"எல்லாத்தையும் கம்பியூட்டர் செய்யுது மச்சான், திறமையெல்லாம் என்னத்துக்கு" என்கிறான் ஒரு கூட்டாளி. கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பதும் மனுசன்தானே. 2023 செப்டெம்பரில் மார்வெலின் விசுவல் எபெக்ட்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள், எதிர்த்து ஒரு வாக்குக்கூட இல்லை. நீண்ட வேலை நேரமும் கடைசி நேர மாற்றங்களும் அந்தத் துறையில் பழைய முறைப்பாடு. அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கர்ணனைத் தருமனாக்கித் தா என்று அண்ணாவியாரிடம் கேட்டால் மத்தளத்தாலேயே அடிப்பார்.

திறமைக்குக் கூலி கொடுக்கிற கணக்கு இந்தத் துறையில் தொடக்கத்திலிருந்தே பிழைதான். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் சூஸ்டரும் 1938இல் அதன் உரிமையை விற்றது 130 டொலருக்கு. பிறகு எத்தனையோ போராட்டம். 1975இல்தான் ஆளுக்கு வருடம் 20,000 டொலர் கொடுப்பனவுக்கு நிறுவனம் இறங்கிவந்தது. அண்ணாவிமாருக்குப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முகநூலில் போட்டு, பஸ் காசுகூடக் கொடுக்காமல் அனுப்புகிற நாம் ஹொலிவூட்டைத் திட்டுவது கொஞ்சம் வெட்கம்தான், சரி விடுங்கள்.

வருகிற சனியும் மருமகன் காத்திருப்பான். எதைப் போட்டுக் காட்டலாம் என்று கீழே சொல்லுங்கள். பெரியப்பா சாகிற படம் என்றாலும் பரவாயில்லை, நல்லாச் சாகவேணும்.