‘தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் தரமாட்டார்’ என்று பைபிளில் இல்லை
இந்த உரையாடலில் ஒருவர் “தாங்க முடியாத பாரத்தைக் கடவுள் தரமாட்டார், 1 கொரிந்தியர் 10:13” என்று போட்டிருக்கிறார். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் அப்போஸ்தலர் பவுல் எழுதிய அந்த வசனம் அதைச் சொல்லவில்லை. “திராணிக்கு மேலாக” (பலத்துக்கு மேலாக) என்ற சொல் அங்கே இருக்கிறது, சரி. ஆனால் பேச்சு பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பாவத்தில் விழுந்ததைச் சொல்லிவிட்டு வருகிறது. அடுத்த வசனமே விக்கிரகாராதனையை விட்டு ஓடச் சொல்கிறது. நோய், மரணம், கடன் எதுவும் அங்கே பேச்சில்லை.

பாரத்தைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8-இல் எழுதுகிறார்: ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) தங்கள் பலத்திற்கு மிஞ்சிய வருத்தம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று. அவரே ‘தாங்க முடியவில்லை’ என்கிறார்! அடுத்த வசனத்தில் அவர் சாய்வது தன் பலத்தின்மேல் அல்ல, மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளில் என்னிடமும் ஒருவர் தோளைத் தட்டி இதையே சொன்னார். நான் தாங்கிக்கொண்டிருக்கவில்லை, அதனால் என் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று மாதக்கணக்கில் நினைத்தேன். அன்று உதவியது, பேசாமல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு அக்காதான். வசனம் தேடுபவர்கள் கலாத்தியர் 6:2 பாருங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது.