அணிவகுப்பு மட்டுமா சாரணியர்?

சாரணியர் (பெண் பிள்ளைகளுக்கான சாரணர் இயக்கம்) என்றாலே குடியரசு தின அணிவகுப்புக்கு ஆள் சேர்ப்பதுதான் என்று, நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது மட்டும் உறுத்தியது. எட்டாம் வகுப்பில் ஏற்காட்டுக்கு மூன்று நாள் முகாம் போனோம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பூவின் பெயர், நாங்கள் தாமரை. முதல் ராத்திரியே மழை, விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். அரைவேக்காட்டுச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம்.

மறுநாள் ஒருத்தி வழுக்கி விழுந்து கையில் அடி. கழுத்து ஸ்கார்ஃபையே கையைத் தாங்கும் தொட்டிலாக்கிக் கட்டினோம். இரண்டு முனைகளை இணைக்கும் ரீஃப் முடிச்சை ஏன் கற்றுத் தருகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது: தட்டையாகப் படியும், உறுத்தாது, வேண்டும்போது சட்டென்று அவிழ்க்கலாம்.

பிரச்சினை வீட்டில்தான். பையன்களை முகாமுக்கு உடனே அனுப்புவார்கள். என் அப்பா கையெழுத்துப் போட, டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வர வேண்டியிருந்தது! புனேயில் 1966 முதல் 'சங்கம்' இருக்கிறது, உலகச் சாரணியர் மையங்கள் ஐந்தில் ஒன்று. நம் ஊரில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? அடுத்த லீவுக்கு அங்கே போக வேண்டுமென்று என் மகள் இப்போதே நச்சரிக்கிறாள். அப்புறம், இந்த முறை கையெழுத்து நான்தான் போட வேண்டும்.