மறுபடியும் குத்தணுமா?

இந்தக் கேள்வி ஒரு நாளைக்கு ஐந்தாறு முறையாவது என் காதில் விழுகிறது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் மேனேஜர் வேலை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் டெக்னீஷியன். அப்போது கையில் ஊசியும் பைப்பெட்டும் இருந்தன, இப்போது ஃபோன் மட்டும்தான். அந்த ஃபோனில் பாதி நேரம் இதே சண்டை. "காலைலதானே எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு ரத்தம்?" கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எண்பது வயசுப் பாட்டிக்கு நரம்பு கிடைப்பதற்குள் குத்துகிறவருக்கும் வேர்த்துவிடும், பாட்டிக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற மகனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் சொல்கிறேன், மறுபடியும் ரத்தம் கேட்கிற லேப்பைத் திட்டாதீர்கள். வருஷம் முழுக்க ஒருத்தரிடமும் மறுபடி கேட்காத லேப் ஏதாவது இருந்தால் நான் அங்கே கை நீட்ட மாட்டேன்.

போன வருஷம் ஒரு நாள் காலை ஆறே முக்கால். வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன், நைட் டியூட்டி பையன் கூப்பிடுகிறான். "மேடம், ஒரு பொட்டாசியம் 9.4 வந்திருக்கு. ரிப்பீட் போட்டேன், அதேதான் வருது. வார்டுக்குச் சொல்லிடவா?"

பொட்டாசியம் 3.5-லிருந்து 5.1-க்குள் இருக்க வேண்டியது. 6-ஐத் தாண்டினாலே பிரிண்டுக்குக் காத்திருக்காமல் வார்டுக்கு ஃபோன் போட வேண்டும் என்பது எங்கள் லேப் விதி, ஏனென்றால் இதயத் துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தப்பலாம். "கால்சியம் எவ்வளவுப்பா?" என்றேன். "3.1 மேடம்." சாதாரணமாக 8.5-க்கு மேல் இருக்கும். அங்கேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ரிசல்ட்டை நிறுத்தி வை என்று சொல்லிவிட்டு வார்டுக்கு நானே போட்டேன்.

"சிஸ்டர், அந்த பேஷண்ட் இப்ப என்ன பண்ணிட்டிருக்கார்?"

"இட்லி சாப்பிட்டுட்டிருக்கார் மேடம். சட்னில காரமே இல்லன்னு கேன்டீன் பையன்கிட்ட சண்டை வேற."

பொட்டாசியம் 9.4-ம் கால்சியம் 3.1-ம் நிஜமாகவே இருக்கிற மனிதர் சட்னிக்குச் சண்டை போடும் நிலையில் இருக்க மாட்டார்.

நடந்தது இதுதான். ரத்தம் எடுக்கும்போது விதவிதமான கலர் மூடி போட்ட டியூப்களைப் பார்த்திருப்பீர்கள், அது அழகுக்கு இல்லை. ஊதா மூடிக்குள் ஈடிடிஏ என்ற மருந்து இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க. அது பொட்டாசிய உப்பு. ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அது உறையவிடாமல் செய்கிறது. அன்றைக்கு ரத்தம் எடுத்த பெண்ணுக்கு மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் பத்தவில்லை, ஊதாவில் நிறைய இருந்தது, மூடியைத் திறந்து இதிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றிவிட்டாள். வீட்டில் ஒரு தம்ளர் மோரிலிருந்து இன்னொரு தம்ளருக்குச் சாய்க்கிற மாதிரி. பொட்டாசியம் ஏறிவிட்டது, கால்சியம் காணாமல் போய்விட்டது, மெஷின் தன் முன்னால் வைத்ததை அச்சுப் பிசகாமல் அளந்து சொல்லிவிட்டது. ரிப்பீட் போட்டாலும் அதேதான் வரும், ஏனென்றால் தப்பு டியூபுக்குள் இருக்கிறது.

மறுபடி எடுத்தோம். பொட்டாசியம் 4.2, கால்சியம் 9.1. அவருடைய மகன் லேப் ஜன்னலில் வந்து நின்று, "உங்களுக்கு வேலை தெரியலன்னா எங்கப்பா கைதான் கெடச்சுதா" என்று கத்தினார். வாங்கிக்கொண்டேன். அந்த 9.4 அப்படியே மேலே போயிருந்தால், பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றியிருப்பார்கள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, இல்லாத வியாதிக்கு.

மெஷின் எந்த கம்பெனி என்று கேட்டு லேப்பை எடை போடுகிறவர்கள் உண்டு. நல்ல மெஷின் வேண்டும்தான், ஆனால் ஆய்வகத் தப்புகளில் பெரும்பங்கு மெஷினுக்கு ரத்தம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இத்தாலியில் பதுவா நகர ஆய்வகம் ஒன்றில் 1997-லும் அப்புறம் பத்து வருஷம் கழித்து 2007-லும் இதைக் கணக்கெடுத்தார்கள். இரண்டு தடவையும் 60 சதவீதத்துக்கு மேல் இந்த முன்கட்டத் தப்புகள்தான், மெஷின் பக்கத் தப்பு 15 சதவீதம் அளவுக்குத்தான் வந்தது. ஆள் மாறிப் போனது, டியூப் மாறிப் போனது, ரத்தம் பத்தாதது, இப்படி.

இன்னொன்று, டிரிப்ஸ் ஓடுகிற கையிலேயே எடுப்பது. குளுக்கோஸ் ஏறுகிற கை என்றால் சர்க்கரை 700, 800 என்று வந்து நிற்கும், சோடியம் கீழே கிடக்கும். இன்னொரு கையைத் தேடிக் குத்தச் சோம்பல், அல்லது பேஷண்ட் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இரண்டுமே புரிகிறது, ஆனால் அந்த ரத்தத்தில் பாதி மருந்துக் கடையில் வாங்கிய தண்ணீர்.

அப்புறம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் விஷயம். வயசானவர்களுக்கு அது பெரிய உதவி, நானே என் மாமியாருக்கு அப்படித்தான் எடுக்கச் சொல்கிறேன். ஆனால் எடுத்த டியூப் எத்தனை மணி நேரம் பைக்கில் சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? செல்களைத் தனியாகப் பிரித்தெடுக்காமல் வைத்த ரத்தத்தில் அந்தச் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. காலையில் வெறும் வயிற்றில் 126 இருந்த ஆளுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போட்டால் 105 பக்கம் வரலாம். 126 என்றால் சர்க்கரை நோய் எல்லைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். 105 என்றால் "பார்டர்தான், ஸ்வீட்டைக் குறைங்க" என்று அனுப்பிவிடுவார்கள். சாம்பல் மூடி டியூப் இதற்காகத்தான் இருக்கிறது, அதிலும் உள்ளே இருக்கும் ஃப்ளோரைடு முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். "ரெண்டு லேப்ல ரெண்டு விதமா வருது, எல்லாரும் ஃபிராடு" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதைத்தான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பிளேட்லெட் சீசன். டெங்கு பயத்தில் வீடே வாசலில் நிற்கும். சிலருடைய ரத்தத்தில் அதே ஈடிடிஏ பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும், மெஷின் அந்தக் கொத்துகளைப் பிளேட்லெட் என்று எண்ணாது. 45,000 என்று காட்டும். ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் திராட்சைக் குலை மாதிரி உட்கார்ந்திருக்கும். நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, அதில் உள்ள திரவத்துக்காக 1.1-ஆல் பெருக்கினால் சரியான எண் கிடைக்கும். ஒரு பையனுக்கு அப்படி 1.6 லட்சம் வந்தது. அதற்குள் அவன் அத்தை பப்பாளி இலைச் சாறு இரண்டு டம்ளர் கொடுத்து முடித்திருந்தார், மூன்று மணி நேரத்தில் ஏறிவிட்டது என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்ல!

மொத்தமாக எழுபது எண்பது டெஸ்ட் பேக்கேஜ் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நார்மல் ரேஞ்ச் என்பதை ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் உள்ளே வருகிற மாதிரித்தான் பெரும்பாலும் வகுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குக்கூட ஏதாவது ஒன்று வெளியே வர 64 சதவீதம் வாய்ப்பு. அந்த ஒரு ஸ்டார் குறியைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸப் அனுப்பாதீர்கள், உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

நிர்வாகத்தோடு என் சண்டை வேறு மாதிரி. தினமும் காலையில் பேஷண்ட் சாம்பிளுக்கு முன்னால் அளவு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைப் போட்டுப் பார்ப்போம், புள்ளி வைத்து கிராஃப் வரைவோம். "நேத்து சரியா இருந்துச்சுல்ல, இன்னிக்கும் எதுக்கு காசைக் கரைக்கணும்?" என்று ஒரு இடத்தில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். புள்ளி ஒவ்வொன்றும் கோட்டுக்குள்ளேயே இருக்கும், ஆனால் தொடர்ந்து பத்து புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் மெஷின் மெதுவாக நகர்கிறது என்று அர்த்தம், 1981-லேயே வெஸ்ட்கார்ட் என்ற லேப் தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எழுதி வைத்த விதி இது. தினமும் போடாமல் இதை எப்படிப் பிடிப்பது? அதைவிட மோசம், கன்ட்ரோல் வெளியே போனால் உள்ளே வரும்வரை திரும்பத் திரும்பப் போடுவது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை நடத்தும் ஈக்வாஸில், அதாவது லேப்களுக்கான வெளித் தரச் சோதனையில், அளவு சொல்லாமல் சாம்பிள் வரும், நாம் போட்ட அளவை அனுப்பினால் மற்ற லேப்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். அனுப்புவதற்கு முன் பக்கத்து லேப்புக்கு ஃபோன் போட்டு "உங்களுக்கு யூரியா எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்கிற ஆட்கள் எங்கள் துறையில் இருக்கிறார்கள். நானும் சின்ன வயசில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் தப்பாகத்தான் வந்திருந்தது.

அந்த ஊற்றிய பெண்ணிடம் வருகிறேன். முதலில் இல்லவே இல்லை என்று சாதித்தாள். மத்தியானம் வந்து அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். மெமோ கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை, அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது, ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. அவள் பொய் சொன்னதற்குக் காரணம் நான். அதற்கு முந்தின மாதம் ஒரு சாம்பிள் ஹீமோலைஸ் ஆனதற்கு, அதாவது ரத்தச் செல்கள் உடைந்து வீணாகிப் போனதற்கு, எல்லார் முன்னாலும் வைத்து இன்னொரு பெண்ணைக் கிழித்திருந்தேன், இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நைட்டில் ஒற்றை ஆளாக மூன்று மாடி ஓடுகிற பிள்ளைகள், சம்பளத்தை இங்கே எழுதினால் எனக்கே வெட்கம். கொஞ்சம் கை தேர்ந்ததும் கல்ஃபுக்கு விசா வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், போகட்டும். அன்றைக்கு எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன், தப்பு செய்துவிட்டு நீங்களாக வந்து சொன்னால் திட்டு கிடையாது என்று. யாரும் நம்பவில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

இன்று காலை ஆறு பத்துக்கு ஃபோன். அதே பெண்.

"மேடம், மூணாவது மாடில ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் ஓடுற கையிலயே எடுத்துட்டேன். இப்பதான் பாத்தேன். தூக்கிப் போட்டுடவா?"

"போட்டுடு."

"மறுபடியும் குத்தணுமே மேடம், அவங்க பையன் பக்கத்துலயே நிக்கிறார்."

"இரு, ஃபோனை அவர்ட்ட குடு."