உராய்வைப் புறக்கணிக்காதீர்கள்

விசை, வேலை, ஆற்றல் பாடங்களில் வரும் கணக்குகளின் அடியில் ‘உராய்வைப் புறக்கணிக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். கணக்கைச் சுருக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதில் குற்றம் காண முடியாது, பாடத்தின் முதல் வாரத்தில் அது தேவையும்கூட. ஆனால் அன்று வெளியே அனுப்பிய உராய்வை ஆண்டு முடியும் வரை நாம் வகுப்புக்குள் திரும்ப அழைப்பதே இல்லை. சேலத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். ஒருவர் செலவிட்ட ஆற்றல் எங்கே போயிற்று என்ற கேள்விக்கான விடையில் பெரும்பங்கு நாம் புறக்கணித்த அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் பாடத்தில் மிஞ்சுவது வெறும் பெருக்கல் கணக்கு.

தலைச்சுமை எடுத்துக்காட்டையே பாருங்கள். சுமையோடு சமதளத்தில் சீராக நடப்பவர் அந்தச் சுமையின் மீது செய்யும் வேலை சுழி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். வேலை என்பது விசையையும் அந்த விசையின் திசையில் ஏற்படும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வருவது. அவர் கொடுக்கும் விசை மேல்நோக்கியது, இடப்பெயர்ச்சி கிடைமட்டமானது, இரண்டுக்கும் இடையே 90 பாகை, கொசைன் 90-இன் மதிப்பு சுழி. விடை சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன் என் வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு, “அப்புறம் எதுக்கு சார் எங்கப்பாவுக்கு அப்படி வேர்க்குது?” என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தப் பாடவேளையில் எழுந்த ஒரே இயற்பியல் கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

அவனுக்கான விடை பாடத்துக்கு வெளியே இல்லை. மூட்டையை மேசை மேல் வைத்தால் மேசைக்கு எந்தச் செலவும் கிடையாது. அது விறைப்பான பொருள், அப்படியே தாங்கிக்கொண்டிருக்கும். தசை அப்படிப்பட்டதன்று. அசையாமல் விறைத்து நிற்கும் தசைக்குள்ளும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் உணவிலிருந்து வந்த வேதி ஆற்றல் கொஞ்சம் செலவாகி, வெப்பமாகிறது. அதோடு, நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடலும் சுமையும் சிறிது உயர்ந்து தாழ்கின்றன. உயர்த்தச் செலவிட்டது தாழும்போது முழுமையாகத் திரும்பிக் கிடைப்பதில்லை. அந்த வெப்பத்தை வெளியேற்றவே வேர்க்கிறது. ஆகவே சுமை பெற்ற ஆற்றல் சுழி, மனிதர் செலவிட்ட ஆற்றல் சுழியன்று, இரண்டும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்துவிடும்போது, தந்தையின் உழைப்பைப் பற்றி இயற்பியல் ஏதோ தவறாகச் சொல்வதாகவே அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். (சும்மாடு எதற்கு என்பதையும் அதே வகுப்பில் கேட்கலாம். சுருட்டிய துண்டு எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்காது. பரப்பைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கிறது.)

அந்த மாணவனின் தந்தை லாரிக்குப் பலகை போட்டு மூட்டை ஏற்றுவதையே அடுத்த கணக்காக்கினேன். மூட்டை 50 கிலோ, லாரியின் தளம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், மூட்டை பெறும் நிலை ஆற்றல், அதாவது உயர்ந்ததால் அதில் சேரும் ஆற்றல், 588 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). சாய்தளக் கணக்காக இருந்தால் இத்துடன் முடித்துவிடுவோம். ஆனால் மூட்டை தானாகப் பலகையில் ஏறுவதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் அதைச் சுமந்துகொண்டு தானும் ஏறுகிறார். அவருடைய உடலை உயர்த்த ஏறத்தாழ 706 ஜூல் ஆகிறது. அதாவது ஒவ்வொரு நடைக்கும் அவர் மூட்டைக்குச் செலவிடுவதைவிடத் தன் உடலுக்குச் செலவிடுவது அதிகம். வெறுங்கையோடு இறங்கும்போது அந்த 706 ஜூல் அவருக்குத் திரும்ப வருவதில்லை. முழங்காலை மடக்கி, தொடைத் தசையைப் பிரேக் போலப் பயன்படுத்தி, அதை வெப்பமாக்கிவிட்டுத்தான் தரைக்கு வருகிறார். இந்த எண்ணைக் கரும்பலகையில் கண்டபோது வகுப்பில் நிலவிய அமைதியை நான் வேறெந்தச் சூத்திரத்துக்கும் கண்டதில்லை.

நம் பக்கத்துக் கிணறுகளில் மின்மோட்டார் வருவதற்கு முன் கவலை இறைத்த முறையிலும், அதாவது மாடுகளை வடத்தில் பூட்டிச் சால் என்னும் பெரிய வாளியால் தண்ணீர் இறைத்த முறையிலும், இதே கணக்குத்தான் இருக்கிறது. வடத்தை இழுக்கும்போது மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும். அவற்றின் உடல் எடையின் ஒரு பகுதி இழுவையோடு சேர்ந்துகொள்ளும். எடையே தண்ணீர் இறைப்பது போலத் தோன்றும். ஆனால் சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும்போது மாடுகள் அந்தச் சரிவில் தங்கள் உடலைச் சுமந்து மேலேறியாக வேண்டும். இனாமாகக் கிடைத்தது எதுவுமில்லை. கடினமான கட்டத்தின் பாரத்தில் ஒரு பகுதி எளிதான கட்டத்துக்கு மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்ல இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

சேலத்து ஆசிரியர்களாகிய நமக்கு வாய்த்த பெரிய ஆய்வுக்கூடம் ஏற்காட்டு மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து மேலே செல்ல இருபது கொண்டை ஊசி வளைவுகள், இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ஏற்றம் எளிய கணக்குக்கு 1,000 மீட்டர் என்று கொள்ளலாம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் நடந்தே ஏறினால் அவர் உடல் பெறும் நிலை ஆற்றல் 4,90,000 ஜூல். பெரிய எண்ணாகத் தெரிகிறது, ஆனால் உணவுக் கணக்கில் இது சுமார் 117 கிலோ கலோரிதான்; இட்லி ஒன்றுக்கு 50 என்று வைத்தால் இரண்டரை இட்லி. இரண்டரை இட்லியில் ஏற்காடு ஏற முடியுமா என்று கேட்டால் மாணவர்கள் ஒரே குரலில் முடியாது என்பார்கள், அவர்கள் சொல்வது சரி. தசை தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் இயக்கமாக மாற்றும். மீதி மூன்று பங்கும் வெப்பம். பத்து இட்லி தேவை. ஏற்காட்டுக் குளிரிலும் நடந்து ஏறுபவருக்குச் சட்டை நனைவது இதனால்தான்.

பேருந்துக்கு வருவோம். பயணிகளோடு சேர்த்து 15 டன் என்று கொண்டால் அதன் எடை 1,47,000 நியூட்டன். அதைச் செங்குத்தாகத் தூக்கப் பேருந்தின் இன்ஜினால் ஆகாது. ஆகவே சாலையை மலையைச் சுற்றி வளைத்து நீட்டி, ஒரு மீட்டர் உயர இருபது மீட்டர் ஓட வைத்திருக்கிறார்கள். சரிவின் வழியே தேவைப்படும் விசை இருபதில் ஒன்றாகக் குறைந்து 7,350 நியூட்டன் ஆகிறது. வளைவுகள் எதற்கு என்று கேட்டால் அழகுக்கு என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. சாய்தளத்தின் எந்திர லாபத்தை, அதாவது சிறு விசையால் பெரும் சுமையை உயர்த்தும் அந்த வசதியை, அவர்கள் பரீட்சையில் மட்டும் சரியாக எழுதுவார்கள்.

மேலே சென்ற பேருந்து பெற்றிருக்கும் நிலை ஆற்றல் 14.7 கோடி ஜூல். டீசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.6 கோடி ஜூல் இருப்பதால், நான்கு லிட்டர் போதும் என்று கணக்கு சொல்லும். இன்ஜின் மூன்றில் ஒரு பங்கை இயக்கமாக மாற்றினாலே பெரிது. ஆகவே பன்னிரண்டு லிட்டர், அதற்கு மேல் சக்கரத்தின் உருளல் உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் தனி. இதுவரை நம் வகுப்புகளிலும் எப்போதாவது பேசுவோம். யாரும் பேசாதது இறக்கம். உராய்வைப் புறக்கணித்துவிட்டு அந்தப் பேருந்தை அடிவாரத்துக்கு உருள விட்டால் அதன் வேகம் நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 504 கிலோமீட்டர் ஆகியிருக்கும். பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரி என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் உண்மையில் உணரும் இடம் இது. பேருந்து அந்த வேகத்தில் வரவில்லை என்றால் 14.7 கோடி ஜூலையும் வழியில் எங்கோ செலவழித்துவிட்டு வந்திருக்கிறது என்று பொருள்.

எங்கே செலவழித்தது என்பதைக் காட்ட ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரை அழைத்து வரலாம். அவர் 1840-களில் இங்கிலாந்தில் செய்த சோதனையில் எடைக்கற்கள் மெல்லக் கீழிறங்கும். அவை இறங்க இறங்க நீர் நிறைந்த கலத்துக்குள் துடுப்புகள் சுழலும். நீரின் வெப்பநிலை மிகச் சிறிதளவு உயரும். எத்தனை எடை எவ்வளவு இறங்கினால் நீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதை அவர் பொறுமையாக அளந்தார். ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வண்டியும் அந்தச் சோதனையையே மீண்டும் செய்கிறது. எடைக்கல்லின் இடத்தில் பேருந்து, நீர்க்கலத்தின் இடத்தில் பிரேக் டிரம். வெளியாகும் வெப்பம் முழுவதையும் சேர்த்துப் பிடிக்க முடிந்தால், வீட்டு மாடியில் இருக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இவ்வளவு வெப்பத்தையும் பிரேக் லைனிங் மட்டும் ஏற்றால், அது அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் உராய்வே குறைந்து, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அடிவாரத்தில் வந்து நிற்கும் சில வண்டிகளின் சக்கரத்தருகே அடிக்கும் கருகல் வாடை அதற்கு முந்திய எச்சரிக்கை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது, செலவின் ஒரு பகுதியை இன்ஜின் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருபவர்கள் முழுச் செலவையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் இருசக்கர வண்டி ஓட்டப்போகும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது? ஆற்றல் அழிவின்மை விதியை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவனும் நியூட்ரலில்தான் இறங்குகிறான்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பாடத்தை முடிக்க வேண்டாமா, தேர்ச்சி விழுக்காட்டுக்கு யார் பதில் சொல்வது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு பாடவேளை போதும் என்பது என் கணிப்பு. அதே மாதிரிக் கணக்கை எண்ணை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பப் போடுவதில் அதைவிட அதிகம் போகிறது.

பெரிய கருவியும் வேண்டாம். ஒரு மீட்டர் பலகை, மூன்று கிலோ செங்கல், சுருள்வில் தராசு இருந்தால் போதும். பலகையின் ஒரு முனையை 30 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, செங்கல்லை மெல்ல இழுத்து ஏற்றச் சொல்லுங்கள். நேராகத் தூக்கினால் ஆகும் வேலை சுமார் 9 ஜூல். பலகை வழியே இழுத்தால், சொரசொரப்பைப் பொறுத்து, 20 ஜூலுக்கு மேலும் வரும். இங்கேதான் நம் பிள்ளைகள் பயந்துபோய், ரெக்கார்டு நோட்டில் அளவீட்டை மாற்றி 9 என்று எழுதுகிறார்கள். நாமும் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறோம். மாற்ற விடாதீர்கள். மிகையாக வந்த 11 ஜூல் எங்கே என்று கேளுங்கள். பிறகு தராசைக் கழற்றிவிட்டுச் செங்கல் கீழே சறுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சறுக்காது. சாய்தளத்தின் பயனுறுதிறன், அதாவது கொடுத்த ஆற்றலில் சுமையை உயர்த்தப் பயன்படும் பங்கு, பாதிக்குக் கீழே போனால் சுமை தானாகத் திரும்பி இறங்குவதில்லை. சங்ககிரிப் பட்டறைகளில் லாரியைத் தூக்கி நிறுத்தும் திருகு ஜாக்கி, கைப்பிடியை விட்ட பிறகும் இறங்காமல் நிற்பது இதே காரணத்தால்தான். அதன் திருகு, உருளையைச் சுற்றி வளைத்த ஒரு சாய்தளம். கொடுக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போகும்படி அதை வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும்போது, அந்த ஜாக்கியில் உராய்வு இல்லாதிருந்தால் கீழே படுத்திருக்கும் மெக்கானிக்குக்கு என்ன ஆகும் என்று ஒரு வினா வைக்கலாம் என்றிருக்கிறேன்.